வைரசுக் காய்ச்சலுக்குப் பின்னர் லூபஸ் கிளர்ந்தெழுவது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் உங்கள் 27 வயதுத் தங்கைக்கு மூன்று வருடங்களாக லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உடலையே தாக்கும் நோய், இருக்கிறது. ஹைட்ரொக்சிகுளோரோகுயினும், சிறிய அளவில் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொயிட்டும் எடுத்து வந்ததில் நோய் அடங்கியே இருந்தது. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து இருமலும் தடிமனுமாக வந்த தம்பியிடமிருந்து அவருக்கும் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. "அந்த மாத்திரைகள்தான் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன" என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு கிழமைக்கு எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டீர்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. இரண்டு கிழமை கழிந்த பின்னர் விரல் மூட்டுகள் வீங்கி, கன்னங்கள் சிவந்து, வாயில் புண் வந்திருக்கிறது. இது காய்ச்சலால் வந்ததா, மாத்திரையை நிறுத்தியதால் வந்ததா, இனி வராமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்குமே பங்கு இருக்கலாம். ஆனால் அந்தப் பங்குகள் சமமானவை அல்ல. நீங்கள் நினைத்து வருந்துகிற இடத்தில் அல்லாமல் வேறோர் இடத்தில்தான் பெரிய ஆபத்து இருந்தது. அதை விளங்கிக்கொள்ள, வைரசு உடம்புக்குள் வந்தவுடன் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

வைரசு நுழைந்த கலங்கள், தம்மைச் சுற்றியுள்ள கலங்களை எச்சரிப்பதற்காக இன்டர்பெரோன் என்னும் புரதங்களை வெளியிடுகின்றன. தோட்டத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆளெடுப்புக்கு, தப்புப் பறை அடித்தால் எல்லா லயங்களும் எழும்பிவிடுவதைப் போல, இன்டர்பெரோன் பரவியதும் நிர்ப்பீடனத் தொகுதி (உடலின் எதிர்ப்புச் சக்தி அமைப்பு) முழுவதும் வேலைக்கு இறங்கிவிடுகிறது. உடல் நோவு, அசதி, பசியின்மை என்று காய்ச்சலோடு நாம் உணர்பவற்றில் பெரும்பகுதி வைரசின் நேரடி வேலை அல்ல, இந்த இன்டர்பெரோனின் வேலைதான். சாதாரணமாக ஒருவருக்கு வைரசு ஒழிந்ததும் அது தணிந்துவிடும். லூபஸ் உள்ளவருக்கோ, காய்ச்சல் எதுவும் இல்லாத நாட்களிலும்கூடப் பெரும்பாலும் இன்டர்பெரோனின் செயற்பாடு கூடுதலாகவே இருக்கிறது. லூபஸ் நோயாளரின் குருதியில் இது அதிகமாக இருப்பது 1979ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. பின்னர், ஈரலழற்சிக்கும் சில புற்றுநோய்களுக்கும் இன்டர்பெரோனையே மருந்தாக ஏற்றியபோது, அதுவரை லூபஸ் இல்லாத சிலருக்கு லூபஸைப் போன்ற நோய் தோன்றியது. வைரசு இல்லாமலேயே, அது எழுப்பும் எச்சரிக்கை மட்டுமே இந்நோயை எழுப்பப் போதுமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வைரசினால் கலங்கள் அழியும்போது அவற்றின் கருவுக்குள் இருந்த டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகியவை வெளியே சிந்துகின்றன. ஆரோக்கியமான உடல் இந்தச் சிதைவுகளை விரைவாக அகற்றிவிடும். லூபஸ் உள்ளவரின் உடல் அதில் மந்தமாக இருப்பதால் அவை தேங்குகின்றன. அந்த உடலில் இவற்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (தாக்குவதற்கென உடல் உருவாக்கும் புரதங்கள்) ஏற்கனவே இருப்பதால், இரண்டும் சேர்ந்து கூட்டுத் துணிக்கைகளாகி, சில வெண்குழியங்களுக்குள் புகுந்து, அங்குள்ள டி.எல்.ஆர். 7, டி.எல்.ஆர். 9 என்னும் உணரிகளைத் தூண்டுகின்றன. வைரசின் மரபுப் பொருளை அடையாளம் காண்பதற்காக இயற்கை அமைத்த உணரிகள் இவை. நம்முடைய சொந்த ஆர்.என்.ஏ.வையே வைரசு என்று எண்ணி அவை மேலும் இன்டர்பெரோனைச் சுரக்கச் செய்கின்றன. அதனால் மேலும் பிறபொருளெதிரிகள் உருவாகின்றன. காய்ச்சல் விட்ட பிறகும் இந்தச் சுழற்சி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் தங்கைக்குக் காய்ச்சலின்போது அல்லாமல், அது விட்டு இரண்டு கிழமை கழித்து மூட்டுகள் வீங்கியதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். டி.எல்.ஆர். 7க்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. லூபஸ் நோயாளர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இந்த ஒரே பரம்பரையலகில் ஏற்பட்ட ஒரு மாற்றமே ஒரு சிறுமிக்கு லூபஸ் வரக் காரணமாக இருந்தது 2022இல் வெளிப்பட்டது.

எப்ஸ்டீன்-பார் என்னும் வைரசைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. லூபஸ் உள்ள சிறுவர்களில் 99 சதவீதமானோரிடமும், அந்நோய் இல்லாத சிறுவர்களில் 70 சதவீதமானோரிடமும் அந்த வைரசு தொற்றிய தடயம் இருந்ததாக 1997இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைச் சுமந்துகொண்டுதான் வாழ்கிறோம். அவர்களில் மிகச் சிலருக்கே லூபஸ் வருகிறது. ஆகவே நோய் தொடங்குவதில் அதற்கு இடமிருக்கலாமே தவிர, உங்கள் தங்கையின் இந்தக் கிளர்ச்சிக்கு அதைத் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தம்பி இருமலோடு வந்தார், சில நாட்களில் தங்கைக்கும் வந்தது என்பதால், சாதாரண சுவாச வைரசு ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும்.

இனி மாத்திரைக்கு வருவோம். ஹைட்ரொக்சிகுளோரோகுயின் நிர்ப்பீடனத்தை அடக்கிப் போடும் மருந்து அல்ல. மேலே சொன்ன டி.எல்.ஆர். 7, 9 உணரிகள் தூண்டப்படும் அதே இடத்தில் நின்று அந்தத் தூண்டலைத் தணிப்பதுதான் அதன் முக்கியமான வேலை. தொற்றுகளை அது அதிகரிப்பதில்லை. ஆகவே வைரசு வந்திருக்கும் வேளையில் அதை நிறுத்துவது, எந்த வாசலுக்குக் காவல் தேவையோ அந்த வாசலிலிருந்தே காவலை எடுத்துவிடுவதாகும். கனடாவில் நோய் அடங்கியிருந்த 47 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1991இல் வெளிவந்த ஆய்வில், இம்மருந்தைத் தொடர்ந்தவர்களைவிட நிறுத்தியவர்களுக்கு நோய் கிளரும் ஆபத்து 2.5 மடங்காக இருந்தது. ஆனாலும் ஓர் ஆறுதல் இருக்கிறது. இந்த மருந்து உடலின் இழையங்களில் படிந்து மிக மெதுவாகவே வெளியேறுகிறது. பாதியளவு குறைவதற்கே ஏறத்தாழ 40 நாட்கள் ஆகும். ஒரு கிழமை நிறுத்தியதால் அதன் அளவு பெரிதாக இறங்கியிருக்காது. அந்த ஒரு கிழமையே இத்தனைக்கும் காரணம் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து பிரெட்னிசொலோனை நிறுத்தியதில்தான் இருந்தது. சில கிழமைகளுக்கு மேல் தொடர்ந்து அதை எடுப்பவரின், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் தமது சொந்த ஸ்டீரொயிட் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. காய்ச்சல் போன்ற நெருக்கடியில் உடலுக்கு வழக்கத்தைவிட அதிகமான ஸ்டீரொயிட் தேவைப்படும். அந்நேரத்தில் மாத்திரையையும் நிறுத்தினால், குருதியமுக்கம் வீழ்ந்து, வாந்தியும் மயக்கமுமாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். மூட்டு வீக்கத்தில் இது எவ்வளவு பங்கு வகித்தது என்பதைவிட, அந்தக் கிழமையில் அவர் மயங்கி விழாமல் தப்பினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் இம்மாத்திரையை எடுப்பவர் என்று தெரிந்தால், காய்ச்சல் நாட்களில் அதன் அளவைக் கூட்டும்படியே வைத்தியர்கள் பெரும்பாலும் சொல்வார்கள். அசதியோபிரின், மைக்கோபினோலேட் போன்ற, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை எடுப்பவர்களுக்கு மட்டும், தொற்று கடுமையாக இருந்தால் அவற்றைச் சில நாட்களுக்கு நிறுத்திவைக்க வைத்தியர் சொல்லக்கூடும். லயத்தில் சொன்னவர் கேள்விப்பட்டது அந்த வகை மருந்துகளைப் பற்றியதாக இருக்கலாம். எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒன்றாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

இப்போது செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, மூட்டையும் முகத்தையும் பார்த்துக்கொண்டு சிறுநீரை மறந்துவிடாமலிருப்பது. லூபஸ் நோயாளர் பத்துப் பேரில் நான்கு பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாகின்றனர். அது வலியில்லாமல் வருவது. சிறுநீரில் நுரை அதிகமாகத் தெரிவதும், மாலையில் கணுக்கால் வீங்குவதும், விடியற்காலையில் கண்ணிமைகள் தடித்திருப்பதும் பிந்திய அடையாளங்களே. அவை தெரியும்வரை காத்திருக்காமல், யூ.எஃப்.ஆர். என்னும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையையும் குருதியமுக்க அளவீட்டையும் இந்தக் கிழமையிலேயே செய்துவிடுங்கள். சிறுநீரில் புரதமோ செங்குழியங்களோ இருந்தால், அடுத்த கிளினிக் திகதி வரும்வரை வைத்திருக்காமல், நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ உடனே கொண்டுசெல்ல வேண்டிய விடயம் அது. இப்போது ஒன்றுமில்லை என்றாலும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதே பரிசோதனையைச் செய்வது நல்லது என்பது என் கருத்து. செலவு குறைந்த இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும் அளவுக்கு, விலை கூடிய பல பரிசோதனைகள் காட்டிக்கொடுப்பதில்லை.

இது கிளர்ச்சிதானா, அல்லது தொற்று இன்னும் மிச்சமிருக்கிறதா என்று வைத்தியர்கள் பிரித்தறிய முயல்வார்கள். கிளர்ச்சியில் பெரும்பாலும் குருதியிலுள்ள சி3, சி4 என்னும் புரதங்கள் குறைந்து, டி.என்.ஏ.வுக்கு எதிரான பிறபொருளெதிரி கூடும், அழற்சியைக் காட்டும் இரண்டு குருதிப் பரிசோதனைகளில் ஈ.எஸ்.ஆர். ஏறினாலும் சி.ஆர்.பி. அவ்வளவாக ஏறாது. சி.ஆர்.பி. மிகவும் உயர்ந்து, நடுக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால், பற்றீரியாத் தொற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். நுரையீரலையோ இதயத்தையோ சூழ்ந்த உறையில் லூபஸ் அழற்சி ஏற்படும்போதும் சி.ஆர்.பி. உயரலாம் என்பதால் இந்த விதி எப்போதும் பொருந்துவதில்லை. பார்வோ பி19 என்னும் வைரசு, கன்னச் சிவப்பு, மூட்டு வீக்கம் எல்லாவற்றையும் தானே உண்டாக்கி, லூபஸைப் போலவே வேடம் போடக்கூடியது. சிக்குன்குன்யாவும் அப்படித்தான்; 2006இல் அது இலங்கையில் பரவியபோது, காய்ச்சல் போன பின்னரும் மூட்டு வலி மாதக்கணக்கில் நீடித்தவர்கள் ஏராளம்.

எல்லாவற்றையும்விடக் குழப்பமானது டெங்கு. நுவரெலியாவின் குளிரில் நுளம்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் வேலை செய்கிறார்கள். பண்டிகைக்கு வீட்டுக்கு வரும்போது அங்கே கடித்த நுளம்பின் வைரசு, 4 முதல் 10 நாட்களுக்குள் இங்கே காய்ச்சலாக வெளிப்படும். நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவான 2017ஆம் ஆண்டை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கில் வெண்குழியம் குறையும், குருதிச் சிறுதட்டு குறையும், நெஞ்சில் நீர் சேரும். லூபஸ் கிளர்ச்சியிலும் இவை மூன்றும் நடக்கும். இந்த நிலையில் தவறவிடக்கூடாத ஓர் எண் பி.சி.வி., அதாவது குருதியில் செங்குழியங்களின் சதவீத அளவு. டெங்கில் குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும்போது குருதி தடித்து பி.சி.வி. ஏறும், வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் அது ஆபத்தான கசிவு. லூபஸ் உள்ள பெண்கள் பலருக்குக் குருதிச்சோகை இருப்பதால் அவர்களுடைய வழக்கமான அளவே 30ஆக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அது 37 என்று வந்தால், அறிக்கையைப் பார்ப்பவர் "சரியான அளவில்தான் இருக்கிறது" என்று நினைத்துவிடுவார். உண்மையில் அந்த 37, நான்கில் ஒரு பங்குக்கு நெருங்கிய ஏற்றம்.

இதனால்தான், நோய் அடங்கியிருக்கும் நாட்களில் எடுத்த எண்கள் அவ்வளவு பெறுமதியானவை. ஹீமோகுளோபின், பி.சி.வி., குருதிச் சிறுதட்டு, வெண்குழியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகிய ஆறையும், நன்றாக இருந்த ஒரு நாளின் திகதியோடு, கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். நள்ளிரவில் தங்கையை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஆதார வைத்தியசாலைக்குப் போகும்போது, பழைய அறிக்கைகளைத் தேடி எடுக்க யாருக்கும் நேரமிருக்காது. பணியிலிருக்கும் வைத்தியர் அவரை முன்பின் பார்த்திருக்கவும் மாட்டார். அதே பக்கத்தில், அவர் எடுக்கும் மருந்துகளின் பெயரையும் அளவையும், "பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்தக்கூடாது" என்ற குறிப்பையும் எழுதுங்கள். சல்ஃபா வகை அன்டிபயோட்டிக் மருந்துகள் லூபஸைக் கிளறக்கூடியவை என்பதால், "சல்ஃபா கொடுக்க வேண்டாம்" என்றும் எழுதுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து எடுத்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டத் தயங்காதீர்கள்.

அடுத்த காய்ச்சல் வரும்போது பரசிட்டமோலைத் தவிர வேறு எதுவும் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டாம். மூட்டு வலிக்கென்று பலரும் கைவசம் வைத்திருக்கும் டைக்குளோபினாக், ஐபுபுரூபன் ஆகியவை, டெங்காக இருந்தால் குருதிக்கசிவையும், சிறுநீரகம் ஏற்கனவே தொடப்பட்டிருந்தால் அதன் சேதத்தையும் கூட்டும். குருதி உறையாமலிருக்க அஸ்பிரின் எடுப்பவராயின், அதைத் தொடர்வதா என்பதை அன்றே வைத்தியரிடம் கேட்க வேண்டும். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளுக்குள் எஃப்.பி.சி. என்னும் முழுக் குருதிக்கல எண்ணிக்கைப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் எந்தத் தவறுமில்லை. ஆனால் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் லேகியங்களும் தூள்களும் உங்கள் தங்கைக்கு வேண்டாம். அவருடைய எதிர்ப்புச் சக்தியில் இருக்கும் கோளாறு குறைபாடு அல்ல, திசை மாறியது. அதோடு, பெயர் ஒட்டாத சில தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருப்பதும் தெரிந்த விடயம்.

அம்மை போட்டுவிட்டால் நிலைமை இன்னும் சிக்கலாகும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டில் ஆங்கில மருந்து கொடுக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு நம் தோட்டங்களில் இன்றும் உறுதியாக இருக்கிறது. வேப்பிலை கட்டுவதையோ மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதையோ நான் குறை சொல்லவில்லை. அவற்றைச் செய்துகொண்டே மாத்திரையையும் கொடுக்கலாம். நிர்ப்பீடனத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை) வந்தால், அது நுரையீரலுக்கும் மூளைக்கும் இறங்கக்கூடும். முதற் கொப்புளம் தெரிந்த 24 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கினால் பலன் மிக அதிகம். பழைய கொப்புளிப்பான் வைரசே பிற்காலத்தில் அக்கியாக வருவதும் லூபஸ் நோயாளரிடம் வழக்கத்தைவிட அதிகம். இன்டர்பெரோனின் வாங்கியைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாப் என்ற மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எடுத்தவர்களிடம் அக்கி கூடுதலாகக் காணப்பட்டது. இன்டர்பெரோன் எவ்வளவு பகைவனோ அவ்வளவு காவலனும்கூட என்பதற்கு அது சாட்சி.

தடுப்பூசியால் லூபஸ் கிளரும் என்ற பயம் பரவலாக இருந்தாலும், தடுப்பூசி தரும் ஆபத்தைவிட நோய்த் தொற்று தரும் ஆபத்தே பெரிது. இன்ஃபுளுவென்சா, நியூமோகொக்கல் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியைக் கொண்டவை அல்ல. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். இன்ஃபுளுவென்சா ஊசியைத் தனியார் இடங்களில் பணம் கொடுத்தே பெரும்பாலும் போட வேண்டியிருக்கும் என்பது நாட்கூலிக் குடும்பத்துக்குப் பாரம்தான். தங்கைக்கு மட்டுமாவது அதைச் செய்ய முடிந்தால் செய்யுங்கள். அம்மைக்கான உயிருள்ள தடுப்பூசிகளை, வலுவான மருந்துகள் எடுத்துக்கொண்டிருக்கும்போது போடக்கூடாது. மருந்துத் தட்டுப்பாடு எப்படியிருக்கும் என்பதை 2022இல் எல்லோரும் அனுபவித்தோம். ஆகையால் ஹைட்ரொக்சிகுளோரோகுயினில் இரண்டு கிழமைக்காவது கையிருப்பு வைத்திருப்பது நல்லது. அதன் அளவு உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமலிருப்பதும், தொடங்கும்போது ஒருமுறையும் ஐந்து வருடங்களுக்குப் பின் ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்வதும் போதுமான பாதுகாப்பு.

வீட்டில் யாருக்காவது தடிமன் வந்தால், பத்தடி லயக் காம்பராவுக்குள் தனிமைப்படுத்துவது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். இருமுபவர் முகக்கவசம் அணிவதும், அவர் இஸ்தோப்பில் (வெளித் திண்ணையில்) படுப்பதும், குவளையையும் துவாயையும் வேறாக்குவதும், சன்னலைத் திறந்து வைப்பதும் முடிந்தவை. முடிந்ததைச் செய்தால் போதும்.

கடைசியாக, தங்கை எப்போது மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். மூட்டு வீக்கம் வற்றி, சிறுநீர்ப் பரிசோதனை சரியாக வந்த பின்னரே போகலாம். அதற்குள் போனால், வைரசு தொடங்கி வைத்ததை வெயில் தொடர்ந்து நடத்தும். சூரியனின் புறஊதாக் கதிர்களும் தோலின் கலங்களை அழித்து அதே டி.என்.ஏ. சிதைவுகளைச் சிந்தச் செய்பவை. உயரம் ஒவ்வொரு 1,000 மீற்றர் கூடும்போதும் அக்கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் வலுக்கிறது. மெல்லிய மூடுபனி அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. குளிர்கிறதே, வெயில் இல்லையே என்று தலையில் ஒரு துண்டை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு இது விளங்குவது கடினம். முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் வேண்டும். அதைவிட நல்லது, சில மாதங்களுக்காவது தேயிலைக் கன்றுத் தவறணையிலோ தொழிற்சாலையிலோ நிழலில் செய்யும் வேலையைக் கேட்பது. அதற்கு வைத்தியரின் கடிதம் தேவைப்படும். "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதிய கடிதத்தோடு போனால் அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) போட்டு அனுப்பிவிடுவார்கள். நோயின் பெயரும், வெயிலில் செய்யும் வேலை எத்தனை மாதத்துக்குக் கூடாது என்பதும் அதில் தெளிவாக இருக்கும்படி அடுத்த கிளினிக் நாளிலேயே கேட்டு வாங்கி, ஒரு பிரதியைத் தோட்ட அலுவலகத்திலும் மற்றொன்றைத் தொழிற்சங்கத் தலைவரிடமும் கொடுத்துவையுங்கள்.